சுமத்ராவின் தண்ணீரும் நம் கரை மீனும்

எல்லாருக்கும் வணக்கம். விடுமுறை நாளில் மீனைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மனிதர்களால் கடலும் ஆறும் மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் மீனுக்கு என்ன ஆகிறது என்பதை எந்த நாடும் தனியாக ஆராய்ந்து தெரிந்துகொள்ள முடியாது. நம் சிங்கப்பூர் போன்ற சின்னத் தீவால் முடியவே முடியாது.

முதலில் நம் வாசலைப் பார்ப்போம். 2015 புகைமூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடங்களையே ஒரு நாள் மூடினார்கள். அந்தப் புகையில் பெரும்பகுதி இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலும் போர்னியோ தீவின் காலிமந்தான் பகுதியிலும் இருக்கும் சதுப்புக் காடுகளிலிருந்து வந்தது, அதாவது காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, நீரை வடித்துத் தோட்டம் போட்ட நிலங்களிலிருந்து. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமும் இலையும் முழுசாக மக்காமல் நீருக்கடியில் சேர்ந்துபோன மண் அது, காய்ந்தால் எரியும். புகை வந்தால் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அதே நிலத்திலிருந்து தண்ணீரும் நம்மிடம் வருகிறது, அது யார் கண்ணிலும் படுவதில்லை.

சுமத்ராவின் கிழக்குக் கரை ஆறுகள் கடுந்தேநீர் நிறத்தில் ஓடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, அந்த ஆற்று நீர் கலந்த கடல்நீர் சிங்கப்பூர் நீரிணைக்குள் வந்துவிடுகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குசுத் தீவுப் பக்கம் ஆண்டுக்கணக்காக நீர் மாதிரி எடுத்து இதைக் காட்டியிருக்கிறார்கள். அந்த நீரில் கரைந்திருக்கும் பொருள்கள் வெளிச்சத்தைத் தடுக்கின்றன, பவளத்துக்கு ஒளி குறைகிறது. அதில் ஒரு பங்கு நீரிலேயே சிதைந்து கரியமில வாயுவாகி அமிலத்தன்மையையும் கூட்டுகிறது. பவளப்பாறை நலிந்தால் அதற்குள் ஒளிந்து, மேய்ந்து, முட்டையிடும் மீன்கள் எங்கே போகும்? வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை மாறி, தென்சீனக் கடலின் தண்ணீர் வருகிறது. நம் மீன்கள் அரை ஆண்டு ஒரு பக்கத்து நீரிலும் மீதி அரை ஆண்டு இன்னொரு பக்கத்து நீரிலும் வாழ்கின்றன. இந்தோனேசிய ஆய்வாளர்கள் அந்த ஆறுகளில் அளக்காமல் நாம் இங்கே மட்டும் அளந்தால் கதையின் கடைசிப் பக்கம்தான் கிடைக்கும்.

வடக்கே, நமக்கும் மலேசியாவுக்கும் நடுவில் இருக்கும் ஜோகூர் நீரிணையிலும் இதே நிலைதான். இரு கரையையும் இணைக்க அணை போலக் கட்டி 1924-இல் திறந்த கடற்பாலம் அந்த நீரிணையை இரண்டாகத் தடுத்து நீரோட்டத்தைக் குறைத்துவிட்டது. இரு கரையிலிருந்தும் பாசிக்கு உரமாகும் கழிவுச்சத்து இறங்குகிறது. 2015 பிப்ரவரி இறுதியில் நுண்பாசி பெருகி, கிழக்குப் பக்கப் பண்ணைகளில் 500 டன்னுக்கும் மேல் மீன் செத்து மிதந்தது. கொடுவா, கலவா என்று கடன் வாங்கி வளர்த்தவர்களின் முதலீடு அது. பாசி எந்தக் கரையில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு கரையிலும் ஒரே நாளில், ஒரே முறையில் மாதிரி எடுக்க வேண்டும். இது ஏன் அன்றாட வேலையாக இருக்கக் கூடாது என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

அடுத்து, கூட்டு ஆராய்ச்சி என்றால் பல நாட்டுக்காரர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்துப் பார்ப்பதுதான் அதன் உயிர். கோமாளி மீன் தெரியும்தானே, ஆரஞ்சும் வெள்ளையுமாக இருக்குமே? நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது, அதனால் நீர் அமிலப்பக்கம் நகர்கிறது. அப்படிப்பட்ட நீரில் வளர்த்த கோமாளி மீன் குஞ்சுகள் வாசனையைப் பிரித்தறியாமல் தம்மைத் தின்னும் மீனை நோக்கியே நீந்துகின்றன என்று 2009, 2010-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆய்வுகள் வந்தன. உலகமே பேசியது. பிறகு ஆஸ்திரேலியா, கனடா, நார்வே, சுவீடன் ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து, மூன்று ஆண்டுகள், 6 இனங்களைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்ட பவளப்பாறை மீன்களை வைத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். மீனின் நடத்தையில் சொல்லும்படியான பாதிப்பு எதையும் காணவில்லை என்று 2020-இல் அறிவித்தார்கள். வாக்குவாதம் பெரிதாக நடந்தது, அது நல்லதுதான். இதைக் கேட்டுவிட்டு "அப்போ கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று யாரும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அமிலத்தால் பவளத்துக்கும் சிப்பிக்கும் வரும் கேடு அப்படியே இருக்கிறது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று சரியாகத் தெரிந்தால்தான் பணத்தையும் உழைப்பையும் அந்த இடத்தில் போட முடியும்.

என் கணக்கில் முதலில் பயப்பட வேண்டியது வெப்பம். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், மீனுக்கோ சூடு ஏறினால் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். குளிர்நாட்டு மீன் ஆண்டுக்குள்ளேயே பல டிகிரி ஏற்றமும் இறக்கமும் கண்டு பழகியது. நம் கடலில் ஆண்டு முழுவதும் சில டிகிரிதான் வித்தியாசம், அதனால் நம் மீன்கள் தாங்கும் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன. ஆராய்ச்சிக்கூடங்களோ பெரும்பாலும் குளிர்நாடுகளில் இருக்கின்றன. அங்கே கிடைத்த எண்ணை அப்படியே இங்கே போட்டுப் பார்க்க முடியாது. நம் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவில் தேசியக் கடல் ஆய்வுக்கூடம் இருக்கிறது, வெளிநாட்டு ஆய்வாளர்களும் அங்கே வந்து வேலை செய்கிறார்கள், அதை நாம் இன்னும் நிறையப் பயன்படுத்த வேண்டும்.

கழிவுநீர் வழியாக ஆற்றில் சேரும் மருந்துக் கழிவும் உண்டு. சுவீடனின் டால் ஆற்றில், பதற்றத்துக்குக் கொடுக்கும் குளோபஸாம் என்ற மருந்தை இளம் சால்மன் மீன்களுக்குள் வைத்து விட்டுப் பார்த்தார்கள். சுவீடன், ஆஸ்திரேலியா ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை, 2025-இல் வெளிவந்தது. மருந்து ஏறிய மீன்கள் அணைகளை வேகமாகத் தாண்டின, கடலை அடைந்தவையும் அதிகம். நல்ல செய்தி மாதிரி தெரிகிறது, ஆனால் மீனின் குணமே மாறுகிறது என்பதுதான் அதற்குப் பொருள். பயம் குறைந்த மீன் கடலில் எத்தனை நாள் பிழைக்கும்?

சரி, நம் தமிழர்களுக்கு இதில் என்ன வேலை? நிறைய இருக்கிறது. மத்தி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பெரும்பாலும் மலபார்க் கரையில்தான் கிடைத்தது, பிறகு தமிழ்நாட்டுக் கரையிலும் ஏராளமாகப் பிடிபடத் தொடங்கியது. கடல் சூடாவதோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று கொச்சியில் இருக்கும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் எழுதியிருக்கிறார்கள். எந்த மாதம் எந்த மீன் எந்த ஆழத்தில் வரும் என்பது ராமேஸ்வரத்து, நாகப்பட்டினத்து மீனவர்களுக்கு அத்துப்படி. அதைத் தமிழில் கேட்டு எழுதி, அளவைத் தரவுகளோடு ஒப்பிட ஆள் வேண்டும். மலாயும் தெரிந்த பிள்ளைகள் என்றால் மலேசியாவின் ஜோகூர், இந்தோனேசியாவின் ரியாவ் மீனவர்களிடமும் பேசலாம். அப்படிப்பட்ட மாணவர்கள் இந்த அறையிலேயே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆர்வம் இருப்பவர்கள் கேள்வி நேரம் முடிந்ததும் முன்னால் வாருங்கள், எந்தத் துறையில் சேரலாம், யாருக்கு எழுதலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.