ஸ்காலர்ஷிப் என்று தேடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். விஸ்காம், இதழியல் முடித்த பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், கைக்காசு போடாமல் அமெரிக்காவில் மாஸ் கம்யூனிகேஷன் மேல்படிப்பு படிக்க முடியுமா?" முடியும். ஆனால் ஸ்காலர்ஷிப் என்று தேடினால் கண்ணில் படுவது குறைவு. அசிஸ்டன்ட்ஷிப் என்று தேடுங்கள்.

அசிஸ்டன்ட்ஷிப் என்பது வேலை. இளநிலை மாணவர்களுக்குச் செய்தி எழுதக் கற்றுத்தருவது, அவர்கள் எழுதியதைத் திருத்துவது, இல்லாவிட்டால் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்குத் தரவு திரட்டுவது. பெரும்பாலும் வாரத்துக்கு 20 மணி நேரம். மாணவர் விசாவில், பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் அதற்கு மேல் வேலை பார்க்கவும் முடியாது. பதிலுக்குக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவித்தொகையும் தருவார்கள். ஆகவே விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் உங்கள் மதிப்பெண்ணோடு நிற்க மாட்டார்கள். இவரை ஒரு வகுப்பில் நிறுத்தலாமா என்றும் யோசிப்பார்கள். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதிக்குப் பல இடங்களில் தனி மதிப்பெண் கேட்பது அதனால்தான்.

எல்லாப் படிப்புக்கும் இது கிடைக்காது. ஓராண்டில் முடியும் தொழில்முறை எம்.ஏ.க்கு முழுச் செலவும் கிடைப்பது அபூர்வம். ஆய்வேடு எழுதும் எம்.ஏ.க்கு ஓரளவு உண்டு, பிஎச்.டி.க்கு அதிகம். நம் மூன்றாண்டுப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

சரி, எஸ்.ஓ.பி.க்கு வருவோம்; ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதிக்கொடுக்கும் கட்டுரை அது. "சிறு வயது முதலே எனக்கு ஊடகத்தின் மீது தீராத ஆர்வம்" என்று ஆரம்பித்தால் விண்ணப்பத்தைப் படிக்கும் குழு கொட்டாவி விடும். ஒரு கேள்வியோடு போங்கள். பாம்பனில் மீனவர்களுக்காக 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 2016 முதல் நடக்கிறது. கடலுக்குக் கிளம்பும் ஒருவர் காற்றின் வேகத்தைப் பற்றி வானொலி சொல்வதை நம்புகிறாரா, வாட்ஸ்அப்பில் வந்ததையா, கரையில் நிற்கும் பெரியவர் வானத்தைப் பார்த்துச் சொல்வதையா? மூன்றும் மூன்று விதமாக இருந்தால் யார் பேச்சு எடுபடும்? இதைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆய்வு செய்யவும் வரும் என்று படிக்கிறவருக்குத் தோன்றும். பேரிடர்த் தகவல் தொடர்பில் ஆய்வு செய்யும் பேராசிரியர் நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்து, அவர் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு எழுதுங்கள். ஊர்ச் சங்கதி சின்னதாயிற்றே என்று தயங்க வேண்டாம். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ஸ், ஷா என்ற இரண்டு ஊடக ஆய்வாளர்கள் அங்கே சாப்பல் ஹில் என்ற சிற்றூரில், எந்தப் பிரச்சினை முக்கியம் என்று நூறு வாக்காளர்களிடம்தான் கேட்டார்கள். 1972இல் வெளிவந்த அந்தக் கட்டுரையைத்தான் இன்றும் விஸ்காம் வகுப்புகளில் நடத்துகிறோம்.

அப்புறம் பரிந்துரைக் கடிதம். இதில் நம் கல்லூரிகளின் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அப்படி வரும் கடிதங்களில் மூன்று பேராசிரியர்களும் ஒரே குரலில் பேசுவார்கள்: ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், கடின உழைப்பாளி. இது வேலைக்கு ஆகாது. நீங்கள் எடுத்த ஆவணப்படம், செய்த புராஜெக்ட், ஜூனியர்களுக்கு எடிட்டிங் சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் குறித்து ஆசிரியரிடம் கொடுத்து, அவரையே எழுதச் சொல்லுங்கள். கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு நேராக அவர் மின்னஞ்சலுக்குத்தான் போகும். ஜிமெயில் முகவரியை ஏற்காத இடங்களும் உண்டு, அவருக்குக் கல்லூரி முகவரி இருந்தால் அதையே கொடுங்கள்.

ஆகஸ்டில் சேர, முந்தைய டிசம்பர், ஜனவரிக்குள் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பித்தாக வேண்டும். இடம் கிடைத்த சந்தோஷத்தில், பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதத்தை மேலோட்டமாகப் படிக்காதீர்கள். உதவித்தொகை பல இடங்களில் ஒன்பது மாதத்துக்குத்தான்; கோடை விடுமுறையில் வாடகைக்கு என்ன வழி? தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தானா, பருவந்தோறும் வரும் இதர கட்டணங்களுக்கும் சேர்த்தா? மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நிதியுதவியோடு வரும் இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கின்றன. அதற்குள் இரண்டு மூன்று கடிதங்கள் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சம்மதம் சொன்ன பிறகு, மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற படிவம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். கடிதத்தில் சொன்ன தொகை அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விசா நேர்காணலுக்குப் போங்கள். வணக்கம்.