விடிகாலை விமானத்துக்கு முந்தின ராத்திரி

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து விமானம் ஏறுகிறவர்கள் டிக்கெட்டை மாதக்கணக்கில் விலை பார்த்து வாங்குகிறார்கள். பெட்டியை நாலு தடவை நிறுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் விமானத்துக்கு முந்தின ராத்திரி தங்கும் அறையை மட்டும், பஸ்ஸில் வரும்போது போனில் தேடி, எது விலை குறைவோ அதை எடுத்துவிடுகிறார்கள். 300 ரூபாய் மிச்சம். அந்த மிச்சம், அதிகாலை மூன்றரை மணிக்குப் பெட்டிகளோடு தெருவில் நின்று ஆட்டோ தேடும்போது போய்விடுகிறது.

இந்த உரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். அறையை, நீங்கள் அங்கே போய்ச் சேரும் நேரத்தை வைத்துப் பார்க்காதீர்கள். அங்கிருந்து கிளம்பும் நேரத்தை வைத்துப் பாருங்கள். விமான நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள்.

காலை 6.15-க்கு டெல்லி விமானம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி போடும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள். சரியான கணக்கு உங்கள் டிக்கெட்டிலேயே இருக்கும், அதைப் பாருங்கள். ஆக 5.15-க்குக் கவுன்ட்டர் மூடும். வாசலில் அடையாள அட்டை பார்க்கும் வரிசை, பெட்டி வரிசை எல்லாம் சேர்த்து 4.15-க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அறையிலிருந்து 3.45-க்குக் கிளம்பவேண்டும். எழுந்திருப்பது 3 மணிக்கு. இப்போது சொல்லுங்கள், ‘காலை டிபன் இலவசம்’ என்று 250 ரூபாய் கூடுதலாகக் கேட்கும் விடுதி உங்களுக்கு எதற்கு? அங்கே இட்லி வேகும்போது நீங்கள் ஆந்திராவைத் தாண்டியிருப்பீர்கள். டிபன் இல்லாத வாடகை என்ன என்று கேளுங்கள், குறைப்பார்கள்.

இனி தேதி. இதைச் சற்று நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு இதில்தான் நடக்கிறது. வளைகுடா நாடுகளுக்கும், சிங்கப்பூர், மலேசியா பக்கமும் போகும் விமானங்கள் பல, நள்ளிரவு தாண்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ம் தேதி, 1.40 என்று போட்டிருக்கும். பார்க்கிறவர் மனத்தில் 15 என்பதுதான் பதியும். பதினான்காம் தேதி ராத்திரி ஊரில் பஸ் ஏறி, பதினைந்து காலை சென்னையில் இறங்கி, அறை எடுத்து இளைப்பாறி, ராத்திரி விமானத்துக்குப் போகலாம் என்று திட்டம் போடுகிறார். அவர் ஊரில் பஸ் ஏறிக் கண்ணயர்ந்த நேரத்தில் விமானம் போய்விட்டது.

மறுபடி சொல்கிறேன். 15-ம் தேதி 1.40 என்றால், அது நம் பேச்சு வழக்கில் பதினான்காம் தேதி ராத்திரி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும். ஆகவே பதினான்காம் தேதி ராத்திரி 10.40-க்கு நீங்கள் விமான நிலைய வாசலில் நிற்கிறீர்கள். அறை வேண்டியது பதினான்காம் தேதி பகலுக்கு. வீட்டுக் காலண்டரில் 14-ஐச் சுற்றி வட்டம் போடுங்கள், 15-ஐ அல்ல.

இதே பயணத்தைக் கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று செய்வதாக வைத்துப் பார்ப்போம். பதின்மூன்று ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறார்கள். வண்டி விடிவதற்கு முன்பே தாம்பரத்தில் இறக்கிவிடுகிறது. நாலரை மணிக்கு, விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் உள்ள குரோம்பேட்டையில் ஒரு விடுதி வாசலில் நிற்கிறார்கள். இங்கேதான் நம் ஊர் லாட்ஜ்களின் இரண்டு வகைக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் எப்போது சாவி வாங்குகிறீர்களோ அப்போதிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு வாடகை. காலை 4.30-க்குச் சாவி வாங்கினால் மறுநாள் 4.30 வரை அறை உங்களுடையது. ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிவிடுவீர்கள். ஒரே வாடகை. இன்னொன்று, பகல் 12 மணிக் கணக்கு. இதில் நாள் என்பது நண்பகலுக்கு நண்பகல். காலை 4.30-க்கு நுழைந்தால் அதை முந்தின நாளின் வாடகையில் சேர்ப்பார்கள். அன்று பகல் பன்னிரண்டுக்கு அது முடிந்துவிடும். அதற்குமேல் ராத்திரி பத்து வரை இருக்க இன்னொரு நாள் வாடகை. 1,500 ரூபாய் அறை 3,000 ஆகிவிடும். போனில் பார்க்கும்போது இரண்டு விடுதிக்கும் 1,500 என்றுதான் காட்டும். இன்னும் மோசம், 14-ம் தேதி என்று போனில் பதிவு செய்தவர் காலை நாலரைக்குப் போய் நின்றால், உங்கள் அறை பன்னிரண்டு மணிக்குத்தான் என்று ரிசப்ஷனில் சொல்வார்கள். பிள்ளைகள் சோபாவில் படுத்துத் தூங்கும்.

சாயங்காலம் வந்து விடிகாலை போகிறவர்களுக்கு இரண்டு கணக்கும் ஒன்றுதான். விடிகாலை வந்து ராத்திரி போகிறவர்கள் ‘இருபத்துநாலு மணி நேரமா, பன்னிரண்டு மணிக் கணக்கா’ என்று கேட்காமல் காசு கட்டவே கூடாது.

அடுத்து, இடம். விமான நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். அது காக்கை நேராகப் பறக்கும் கணக்கு, சாலைக் கணக்கு அல்ல. பம்மலும் பொழிச்சலூரும் விமான நிலையத்துக்குப் பக்கம்தான், விமானம் தலைக்கு மேலேயே இறங்கும். ஆனால் நடுவில் ஓடுபாதை கிடக்கிறது. நீங்கள் பல்லாவரம் வழியாகச் சுற்றி, சென்னையிலிருந்து தெற்கே போகும் பெரிய நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்துதான் நிலையத்துக்குள் போக முடியும். வாசல் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் இருக்கிறது, அதை மறக்க வேண்டாம்.

தெற்கிலிருந்து பஸ்ஸில் வருவதாகக் கண்ணை மூடி நினைத்துக்கொள்ளுங்கள். கிளாம்பாக்கம், வண்டலூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், அப்புறம் விமான நிலையம். நிலையம் உங்கள் இடது கைப்பக்கம். குரோம்பேட்டை, பல்லாவரத்தில் ரயில் பாதை உங்கள் வலது கைப்பக்கம். இந்த இடது கை, வலது கை வித்தியாசம் அரை மணி நேரப் பெறுமானம் உள்ளது. இடது பக்கம் சாலையைப் பார்த்திருக்கும் விடுதியென்றால், வாசலை விட்டு இடப்பக்கம் திரும்பி நேரே போனால் நிலையம். எதிர்ப்பக்கம் என்றால் முதலில் தாம்பரம் நோக்கிப் போய், யூ-டர்ன் எடுத்துத் திரும்ப வேண்டும். ரயில் பாதைக்கும் அந்தப் பக்கம், உள்ளே தள்ளி இருக்கும் விடுதியென்றால் கேட்டையோ சுரங்கப்பாதையையோ மேம்பாலத்தையோ தாண்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் பயணம் என்றால், 200 ரூபாய் கூடினாலும் பாதைக்கு இந்தப் பக்கமே தங்குங்கள்.

கிண்டி, ஆலந்தூர், பரங்கிமலைப் பக்கம் தங்கினால் மெட்ரோ இருக்கிறது. விமான நிலைய மெட்ரோவிலிருந்து முனையங்களுக்கு மேலேயே நடைபாதை, பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம். ஆனால் மெட்ரோ காலை ஐந்து மணி வாக்கில்தான் தொடங்கும், ராத்திரி பதினொன்று வாக்கில் முடிந்துவிடும். காலை ஒன்பது மணி விமானத்துக்கும், ராத்திரி ஒன்பதரைக்குள் கிளம்புகிற வெளிநாட்டுப் பயணிக்கும் மெட்ரோ அருமை. ஆறு மணி விமானத்துக்கு அது உதவாது. இன்னொன்று, மீனம்பாக்கம் மெட்ரோ வேறு, விமான நிலைய மெட்ரோ வேறு. மின்சார ரயிலில் வருகிறவர்கள் இறங்க வேண்டியது திரிசூலம். மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டால் பெட்டியோடு அல்லாட வேண்டியிருக்கும்.

இடம் முடிவானதும், விடுதிக்கு நேரே போன் செய்யுங்கள். நடுவில் இருக்கும் செயலியில் பதிவு செய்திருந்தாலும் போன் செய்யுங்கள். ‘பணம் விடுதியில் கட்டிக்கொள்ளலாம்’ என்று இருக்கும் பதிவை, ஆள் வரத் தாமதமானால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. முதலில் சொன்ன 6.15 டெல்லி விமானத்துக்கு என்றால் இப்படிப் பேசுங்கள்:

“சார், பதினாலாம் தேதி ரூம் போட்டிருக்கேன். வர்றதுக்கு ராத்திரி பதினொன்றரை ஆயிடும். ரூமை யாருக்கும் குடுத்துடாதீங்க.”

“சரிங்க சார்.”

“காலைல மூணே முக்காலுக்குக் கிளம்பணும். அந்த நேரத்துல கீழ யார் இருப்பாங்க? ஷட்டர் பூட்டியிருக்குமா?”

“பையன் இருப்பான் சார், எழுப்புனா திறந்துடுவான்.”

“லிப்ட் இருக்கா? ரெண்டு பெட்டி, ஒண்ணு முப்பது கிலோ.”

“லிப்ட் இருக்கு சார், ஆனா ராத்திரி ஆஃப் பண்ணிடுவோம்.”

பாருங்கள், இந்தக் கடைசிப் பதில் எந்த விளம்பரத்திலும் இருக்காது. மூன்றாவது மாடியிலிருந்து முப்பது கிலோ பெட்டியை இருட்டில் படி இறக்குவது இடுப்புக்கு நல்லதல்ல. முதல் மாடியிலேயே அறை கேளுங்கள். அதே போனில் இன்னும் இரண்டு கேள்வி: அறை பின்பக்கம் கிடைக்குமா? ஜி.எஸ்.டி. சாலையில் லாரி ராத்திரி முழுக்க ஓடும், விமானச் சத்தத்தைவிட அதன் ஹாரன்தான் எழுப்பும். அடுத்தது, சென்னை முகவரி ஆதார் உள்ளவர்களுக்கு அறை தருவீர்களா? உள்ளூர் முகவரி என்றால் தரமாட்டோம் என்று சொல்லும் விடுதிகள் உண்டு. மகன் சென்னைவாசி, அவர் பெயரில் பதிவு என்றால் வாசலில் சிக்கல் வரும். பயணம் போகிறவர் பெயரிலேயே போடுங்கள்.

சாவி வாங்குமுன் அறையைப் போய்ப் பாருங்கள். கட்டிலை விடுங்கள், முதலில் குளியலறைக் குழாயைத் திறங்கள். கீசரைப் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். திரும்பி வரும்போது சுட்டிருக்க வேண்டும். கதவின் உள்தாழ்ப்பாள் விழுகிறதா என்று பாருங்கள். கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் மூன்று மணி அலாரம் அந்தப் போனில்தான் அடிக்க வேண்டும். பல அறைகளில் சாவியையோ அட்டையையோ சுவரில் செருகினால்தான் மின்சாரம். ஒருவர் அதை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனால், உள்ளே சார்ஜில் போட்ட போனும் அணைந்துபோகும்.

வாடகையைப் படுக்கப் போகுமுன்பே தீர்த்துவிடுங்கள். மூன்றே முக்காலுக்குக் கீழே இறங்கினால், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் பையன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் தூங்கிக்கொண்டிருப்பான். கல்லாச் சாவி முதலாளியிடம் இருக்கும். நீங்கள் கட்டிய 500 ரூபாய் முன்பணத்தை அந்த நேரத்தில் அவன் எங்கிருந்து திருப்பித் தருவான்? பில்லும் ராத்திரியே வாங்கிவிடுங்கள். வரி பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 1,500 ரூபாய்க்கு 75 ரூபாய். பழையபடி 12 சதவீதம் கேட்டால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

வண்டியையும் ராத்திரியே பேசி வையுங்கள். செயலியில் விடிகாலை வண்டி கிடைக்கும், ஆனால் கிட்டத்துச் சவாரி என்று தெரிந்ததும் டிரைவர் ரத்து செய்வதும் உண்டு. விடுதிக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் எண் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் முனையத்தைச் சொல்லுங்கள். வெளிநாடு டி-2, உள்நாடு டி-1 அல்லது டி-4, எது என்று டிக்கெட்டில் இருக்கும்.

நேரம் முடிகிறது என்று எதிரே கை காட்டுகிறார்கள். வழியனுப்ப வரும் குடும்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்குகிறேன். டிக்கெட் இல்லாதவர்கள் முனையத்துக்குள் போக முடியாது. ஒருவரை வாசலில் விட ஆறு பேர் சென்னை வந்து இரண்டு அறை எடுப்பதைவிட, ஒருவர் கூட வந்தால் போதும், மற்றவர்கள் ஊர் ரயிலடியிலேயே வழியனுப்பலாம்.

இலங்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் தங்குகிறவர்களின் விவரத்தை விடுதி 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையம் வழியே தெரிவிக்க வேண்டும். இதை விடுதிக்காரர்கள் சி-பாரம் என்பார்கள். அதற்குப் பதிவு செய்யாத சிறு லாட்ஜ்கள் உங்களை ஏற்க மாட்டார்கள், ஆகவே போனிலேயே ‘இலங்கைப் பாஸ்போர்ட், சி-பாரம் போடுவீங்களா’ என்று கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யக் கொடுத்தால், அங்கேயே நின்று திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு படி ஏறுங்கள்.

வணக்கம்.