நொதிகலனுக்குள் அளக்க முடியாதவற்றைக் கணக்கிடுதல்

நேயர்களுக்கு வணக்கம். ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களை வளர்க்கும் கலனான நொதிகலனைத் தொழிற்சாலையில் இயக்குபவர் எதைக் கட்டுப்படுத்த விரும்புகிறாரோ, அதை அவரால் பெரும்பாலும் நேரடியாக அளக்க முடிவதில்லை. வெப்பநிலை, அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றைக் கலனுக்குள் உள்ள உணரிகள் உடனுக்குடன் காட்டிவிடும். ஆனால் செல்கள் எவ்வளவு பெருகியுள்ளன என்பதை அறிய மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். முடிவு வருவதற்குள் கலனின் நிலைமையே மாறியிருக்கும். இந்த இடைவெளியை நிரப்பவே கணித மாதிரி தேவைப்படுகிறது.

ரொட்டி ஈஸ்ட் உற்பத்தியைப் பார்ப்போம். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும், குளுக்கோஸ் ஓர் அளவைத் தாண்டினால் ஈஸ்ட் அதன் ஒரு பகுதியை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கிவிடுகிறது, விளைச்சல் குறைகிறது. இதைக் கிராப்ட்ரீ விளைவு என்பார்கள். எனவே சர்க்கரைக் கரைசலை மொத்தமாக ஊற்றாமல், செல்களின் பெருக்கத்துக்கு ஈடாகக் கூட்டிக்கொண்டே ஊட்டுகிறார்கள். சர்க்கரைச் செறிவு கூடக் கூட வளர்ச்சி வேகம் உயர்ந்து, ஓர் உச்சத்தை நெருங்கித் தேங்கும் என்று 1940களில் பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் மோனோ வகுத்த சமன்பாட்டோடு பொருட்களின் வரவுசெலவுக் கணக்கையும் சேர்த்தால், ஊட்டும் வேகத்தை முன்கூட்டியே வரைந்துவிடலாம். தாளில் இது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் இருந்த செல்களின் அளவைச் சற்றே மிகைப்படுத்திக் கணித்திருந்தாலும், உண்ண ஆளில்லாத சர்க்கரை கலனில் சேரத் தொடங்கும்.

அதைக் காட்டிக்கொடுப்பது கலனிலிருந்து வெளியேறும் வாயு. குளுக்கோஸ் முழுவதும் சுவாசத்தில் செலவானால், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடுக்கும் செலவான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். அது ஒன்றைத் தெளிவாகக் கடந்தால் ஆல்கஹால் உருவாகிறது என்று பொருள், ஊட்டத்தைக் குறைத்தாக வேண்டும். 1960இல் வெளிவந்த கால்மன் வடிகட்டி போன்ற கணக்கீட்டு முறைகள், இத்தகைய அளவீடுகளைக் கொண்டு செல்களின் அளவு பற்றிய மதிப்பீட்டை ஓட்டத்தின்போதே திருத்திக்கொண்டு வருகின்றன. இருபது மாறிலிகள் கொண்ட மாதிரியைவிட, மூன்று நான்கு மாறிலிகளும் நம்பத்தக்க வாயு அளவீடும் இருப்பதையே நான் விரும்புவேன். இருபதையும் கிடைக்கும் தரவுகளைக் கொண்டு தனித்தனியே நிர்ணயிப்பது அநேகமாக நடவாத காரியம்.

ஆக்சிஜனும் ஒரு வரம்பை விதிக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனே கரைந்திருக்கும். அடர்த்தியாக வளர்ந்த செல்கள் அதை வெகுவிரைவில் தீர்த்துவிடும். கலக்கியின் வேகமும் காற்றோட்டமும் ஈடுகொடுக்காத கட்டத்தில், சர்க்கரை ஊட்டத்தை அதற்கு மேல் உயர்த்துவதில் பயனில்லை.

பெரிய கலன்களில் இன்னொரு சங்கடம் உண்டு. ஊட்டக் குழாயின் அருகில் சர்க்கரை மிகுந்தும் தொலைவில் வறண்டும் இருக்க, சமன்பாடோ கலன் முழுவதற்கும் ஒரே செறிவைக் கருதிக்கொள்கிறது. ஆகவே அந்தக் குழாயை எங்கே பொருத்துவது, ஒன்று போதுமா, பல வேண்டுமா என்பதையும் கட்டுப்பாட்டுப் பொறியாளர் தீர்மானிக்க வேண்டியவற்றுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன். வணக்கம்.