தெரு நாவலைத் தாங்குவது தெருவே

நடுவர் அவர்களே, இந்தக் குன்னூர்க் குளிரிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

ஒரு தெருவின் கதையைச் சொல்லும் நாவலைத் தாங்குவது மனிதர்களா, தெருவா? எதிரணி அம்மா 'மனிதர்களே' என்றார். எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ் 1947-ல் வெளியிட்ட 'மிதக் சந்து' நாவலிலிருந்து, அந்தச் சந்தில் வாழும் இளம்பெண் ஹமீதாவைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார். அருமையான சாட்சி. ஆனால் எங்கள் கட்சிச் சாட்சி, அம்மா!

அந்தக் கெய்ரோ சந்து ஒரு முட்டுச் சந்து. காமிலின் மிட்டாய்க்கடை, அப்பாஸின் சலூன், கிர்ஷாவின் காபிக்கடை எல்லாம் அதற்குள்ளேயே. காபிக்கடையில் உட்கார்ந்தால் ஹமீதாவின் ஜன்னல் தெரியும். அவளை மயக்க வந்தவன் அங்கே உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடையை அடுத்த தெருவுக்கு மாற்றிப் பாருங்கள், அவன் எங்கே உட்காருவான்?

அசோகமித்திரனின் 'தண்ணீர்' மட்டும் என்ன? சென்னைத் தெருவில் ஜமுனாவையும் அக்கம்பக்கத்தையும் ஒரே இடத்தில் நிறுத்துவது காலிக் குடம்.

எழுதுகிறவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். பத்து வீட்டுக்குப் பத்துப் பேரைப் படைக்கிறார்கள். தெருவை மறந்துவிடுகிறார்கள். கையில் மிஞ்சுவது ஒரே அட்டைக்குள் பத்துச் சிறுகதை. அவற்றை ஒட்டவைக்க, பஸ் ஸ்டாண்டில் தற்செயலாக ஒரு சந்திப்பு. ஒருமுறை நம்புவோம். மூன்றாம் முறை நமக்கே கொட்டாவி வரும்.

முதலில் ஒரு தாளில் தெருவை வரையட்டும். எந்த ஜன்னல் எதைப் பார்க்கிறது, எந்தச் சுவர் பொது, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது. பக்கத்திலேயே பால், தண்ணீர், சிலிண்டர் வரும் நேரம். ஒரு சாவை மூன்று வீடுகளிலிருந்து சொன்னால், மூன்றிலும் மழை ஒரே நேரத்தில் விட வேண்டுமே! முதல் அத்தியாயத்தில் மூன்று பெயருக்கு மேல் வேண்டாம். பெயர் மறந்துபோகும், பச்சைக் கதவு வீடு மறக்காது.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்நாட்டில் அடுத்த வீடு பக்கத்தில் இருக்கும், இங்கே தலைக்கு மேலே இருக்கும். மேல் வீட்டு முற்றமும் கீழ் வீட்டுத் தகரக் கூரையும் ஒரே மட்டம். நடுவில் கல் தடுப்புச் சுவர். அதில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டைகளை, அசிங்கமாக இருக்கிறதென்று யாரோ சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. சுவருக்குப் பின்னால் மண் ஊறிக் கனக்கிறது, வடிய வழியில்லை. முதலில் ஒரு விரிசல், அப்புறம் சுவருக்கு வயிறு தள்ளுகிறது. அன்றைக்குத்தான் கீழ் வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்.

பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பமும் இனிப் பேசியே தீர வேண்டும். கோபம், கடன், பழைய காதல் எல்லாம் அந்த விரிசல் வழியாகத்தான் வெளியே வரும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி: அந்தச் சுவரை யார் செலவில் கட்டுவது?