பாட்டு ஏன் முக்கால் கட்டை ஏறுது? கோடெக் சிப்பும் பஞ்சாரி மேளமும்

நீங்க கட்டின ஆடியோ போர்டுல நாலு நிமிஷப் பாட்டு மூணு நிமிஷம் 40 செகண்டுல முடிஞ்சிடுது. ரெண்டு கட்டையில பாடினவர் ரெண்டரைக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கிறார். ஸ்பீக்கரை மாத்திடாதீங்க மக்களே! 44.1 கிலோஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 44,100 சாம்பிள்) பாட்டுக்கு, 48 கிலோஹெர்ட்ஸுக்கான 12.288 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை (சிப்புக்குத் தாளம் போடுற துடிப்பு) குடுத்திருக்கீங்க.

கோடெக்னா டிஜிட்டலை அனலாக்காவும் அனலாக்கை டிஜிட்டலாவும் மாத்துற சிப். பின்னணி இவ்வளவு போதும்.

பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருந்து பாக்குறவங்க கையைத் தூக்குங்க. பஞ்சாரி மேளம், கேரளக் கோயில் செண்டை மேளம். அதுல முதல் காலத்துக்கு (வேகக் கட்டத்துக்கு) ஒரு சுத்து 96 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை. அடுத்து 48, 24, 12, கடைசியில 6. பாதி பாதியா இறங்கும், வேகம் ஏறிக்கிட்டே போகும். கோடெக் உள்ள டிவைடருக்கும் (கிளாக்கை வகுக்கிற பகுதி) இதே பிழைப்புதான். 12.288-ஐ 4-ஆல வகுத்தா 3.072 மெகாஹெர்ட்ஸ், அது பிட் கிளாக், ஒவ்வொரு பிட்டையும் நகர்த்துற துடிப்பு. அதை 64-ஆல வகுத்தா 48 கிலோஹெர்ட்ஸ். 96, 48, 24, 12 கிலோஹெர்ட்ஸ் எல்லாமே ஒரே குடும்பம்! செண்டைக்காரங்க நம்ம சிப்பைப் பாத்தா எண்ணினாங்க? இல்லதான், ஆனா எனக்கு இந்தப் பொருத்தம் ரொம்பப் பிடிக்கும். 44.1 மட்டும் இந்த மேளத்துல சேராது. 12.288 மெகாஹெர்ட்ஸை அதால வகுத்தா 278.64-னு உடைஞ்சு வரும். அதுக்கு 11.2896 தனியா வேணும்.

போர்டுல 24 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கா? பிஎல்எல் இருக்கு, ஒரு கிளாக்கைப் பெருக்கி வேற கிளாக் செய்யுற சுற்று. டபிள்யூஎம்8960-ங்கிற கோடெக் சிப்புல முதல்ல 2-ஆல வகுத்து 12 ஆக்குங்க. 8.192-ஆல பெருக்கினா 98.304. சிப் தானா 4-ஆல வகுக்கும், நீங்க 2-ஆல வகுங்க, 12.288 கைக்கு வந்திடும். 44.1 குடும்பத்துக்கு 8.192 இருந்த இடத்துல 7.5264. இத்தனையும் பண்ணிட்டு ரெஜிஸ்டர் 4-ல (ரெஜிஸ்டர்னா சிப்போட செட்டிங்கை எழுதுற இடம்) பிட் 0-வை 1 ஆக்க மறந்துட்டா, பிஎல்எல் சும்மா சுத்தும், சிப் பழைய கிளாக்லயே ஓடும். திருப்பிப் படிச்சுப் பாக்கவும் வழியில்ல, இந்த சிப் ரெஜிஸ்டர்ல எழுதத்தான் முடியும். எழுதினதுக்கு கோடுல ஒரு நகல் வச்சுக்கோங்க.

பிட் கிளாக் ஓட்டுற மாஸ்டர் ஒருத்தர்தான், கோடெக்கும் ப்ராசஸரும் ரெண்டு பேரும் ஓட்டினா ஒரே கம்பியில இழுபறி.

இப்ப ஆஃப் பண்ணும்போது ஹெட்ஃபோன்ல கேக்குற அந்த 'டொப்'. சப்ளை 3.3 வோல்ட்னா ஹெட்ஃபோன் பின் 1.65-ல நிக்கும், நடுவுல 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நிறைஞ்சு உக்காந்திருக்கும். பட்டுனு கரண்டை எடுத்தா அத்தனையும் காது வழியாத்தான் இறங்கும்.

அதனால ஆஃப் பண்ண ஒரு வரிசை இருக்கு. முதல்ல ரெஜிஸ்டர் 5, பிட் 3, மியூட். சத்தத்தைப் படிப்படியா இறக்குறதே கிளாக்தான், அதை முன்னாடியே நிறுத்தினா பாதியில தொங்கிடும். அப்புறம் ரெஜிஸ்டர் 28-ல 'டொப்'பைத் தடுக்கிற ஆன்டி-பாப் பிட்டுகள். அதுக்குப் பிறகு பவரைப் பாத்துக்கிற ரெஜிஸ்டர் 25-ஐ சைபர் ஆக்கி, காத்திருங்க. லினக்ஸ் டிரைவரே 600 மில்லிசெகண்ட் காத்திருக்கு, நமக்கென்ன அவசரம்? விமிட் (சப்ளையில பாதி வோல்ட் நிக்கிற) பின்னுல மல்டிமீட்டர் வைங்க, 1.65-ல இருந்து முள்ளு மெல்ல மெல்ல சாயும். அது அடங்கின பிறகு சப்ளை, மாஸ்டர் கிளாக் ரெண்டையும் எடுங்க.

உங்க போர்டுல கிளாக் குடுக்குற கிரிஸ்டல் எத்தனை மெகாஹெர்ட்ஸ்? கமெண்ட்ல போடுங்க, பிஎல்எல் கணக்கை அங்கேயே போட்டுடலாம்.