ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய்! நாய் கடித்தால் இழப்பீடு கேட்பது எப்படி?

வணக்கம். ஒரு தெருநாய் உங்கள் காலைக் கவ்விவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் காயத்தைக் கழுவி ஊசி போடுகிறார். அதன் பிறகு ஒரு குழு கூடி, காலில் எத்தனை பற்கள் பதிந்திருக்கின்றன என்று பார்த்து, பல்லொன்றுக்கு 10,000 ரூபாய் என்று கணக்குப் போடுகிறது. கேலிச்சித்திரம் போல இருக்கிறது அல்லவா? ஆனால் இந்தக் கணக்கை எழுதியது ஓர் உயர் நீதிமன்றம்.

தெருவில் திரியும் நாய், மாடு போன்ற விலங்குகளால் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த 193 மனுக்களை ஒன்றாக விசாரித்த பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம், 2023ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பில் நாய்க்கடிக்கு இரண்டு அளவுகளை வகுத்தது. ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய். தோலிலிருந்து சதை பிய்ந்து வந்திருந்தால், காயத்தின் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய்.

(திரையில் ஓர் அளவுகோலும் அதன்மேல் ஓர் எள்ளும் தோன்றுகின்றன.)

0.2 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஓர் எள்ளின் அகலம். அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சதை பிய்ந்தால் ஐந்து எள், ஒரு லட்சம் ரூபாய். இதை முதலில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு, வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் என்பதால், அத்தனையும் பதிந்தால் 4,20,000 ரூபாய் என்று பெருக்கியும் பார்த்தேன். எந்த நாயும் அலுவலக முத்திரை குத்துவது போல எல்லாப் பற்களையும் ஒரே சீராகப் பதிப்பதில்லை. பெரும்பாலும் ஆழமாக இறங்குவன மேலும் கீழுமாக உள்ள நான்கு கோரைப்பற்கள்தாம். ஆகவே ஒரு சுத்தமான கடிக்கு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பல் கணக்கை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். போடும்போது இந்த வீடியோவின் இணைப்பையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. சாலை விபத்தில் கால் போனால், ஊனம் எத்தனை சதவீதம், வயது என்ன, மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டுப் பெருக்கிக் கணக்குப் போடுவதற்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே யாரும் சிரிப்பதில்லை. யானையோ சிறுத்தையோ தாக்கினால் வனத்துறையிடம் இழப்பீட்டுக்குத் தனி வழி இருக்கிறது. நாய் கடித்தவருக்குத்தான் அப்படியொரு வாசல் இல்லாமல் இருந்தது. பஞ்சாப் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது பல் கணக்கு அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடுதான். மாவட்டத் துணை ஆணையர் (நம் ஊர் மாவட்ட ஆட்சியர் போன்றவர்) தலைமையில் ஒரு குழு, ஆவணங்களோடு விண்ணப்பம் வந்த நான்கு மாதத்துக்குள் முடிவு, பணத்தை முதலில் கொடுக்க வேண்டியது மாநில அரசு, அதன் பிறகு தவறு செய்த துறையிடமோ தனி நபரிடமோ அரசே அதை வசூலித்துக்கொள்ளலாம். இரண்டு துறைகள் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்க, கடிபட்டவர் நடுவில் நிற்க வேண்டிய நிலை அங்கே இல்லை.

அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. இங்கே வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்டி வாதாடலாம், அவ்வளவுதான். கேரளத்தில் நாய்க்கடி இழப்பீட்டுக்கென்றே உச்ச நீதிமன்றம் 2016இல் நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதுவும் அந்த மாநிலத்தோடு நின்றது.

அப்படியானால் இங்கே என்ன வழி? கடித்தது யாருடைய நாய் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டு நாய் என்றால் உரிமையாளர்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். தன் வசமுள்ள விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுபவருக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பழைய சட்டத்தில் அந்த அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2024 மே மாதம் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறியபோது உரிமையாளரைக் காவல்துறை கைது செய்தது நினைவிருக்கலாம். ஆனால் அபராதம் வேறு, இழப்பீடு வேறு. மருத்துவச் செலவு, இழந்த கூலி, தழும்பு, வலி ஆகியவற்றுக்குப் பணம் வேண்டுமென்றால் சிவில் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் சட்டம் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு: இந்த நாய் கடிக்கும் என்று உரிமையாளருக்கு முன்பே தெரியுமா? இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டத்தில் இதை, ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கடி இலவசம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். முதல் கடி வரைக்கும் அதன் குணம் யாருக்குத் தெரியும் என்பது அதன் நியாயம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இந்தச் சலுகையை எடுத்துவிட்டது. அங்கே முதல் கடிக்கே உரிமையாளர் பொறுப்பு. என்னைக் கேட்டால் கலிபோர்னியாதான் சரி, ஏனென்றால் இலவசமாகப் போன அந்த முதல் கடியும் ஒருவருடைய காலில்தான் விழுந்திருக்கிறது.

தெருநாய் என்றாலும் இதே கேள்விதான் வேறு உருவத்தில் வருகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. வெறிநோய் உள்ள நாயையும் மூர்க்கமான நாயையும் பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22 அன்று கூறியது. ஆகவே உங்கள் தெருவில் ஒரு நாய் எல்லோரையும் துரத்துகிறது என்றால், கடிபடுவதற்கு முன்பே புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1913 என்ற எண்ணில் சொல்லலாம். எங்களுக்குத் தெரியாது என்று மாநகராட்சி பின்னால் சொல்ல முடியாதபடி அந்தப் புகார் எண் தடுக்கும். அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம், ஆனால் நடந்தது என்ன என்பதிலேயே தகராறு இருந்தால் அங்கிருந்து சிவில் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்குபவர்கள், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வழக்கறிஞர் இலவசம். நாயின் உரிமையாளர் சமரசத்துக்கு வந்தால் மக்கள் நீதிமன்றத்திலேயே முடித்துக்கொள்ளலாம். அங்கே எழுதப்படும் தீர்வுக்குச் சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு, அதன்மேல் மேல்முறையீடும் கிடையாது.

எந்த வாசலில் போய் நின்றாலும், முதலில் கேட்பது கடித்த அன்று எழுதப்பட்ட காகிதத்தைத்தான். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை. படம் எடுப்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். கழுவிய பிறகு, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி அதன் நகலான ஏ.ஆர். காப்பி கேளுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தடுப்பூசி இலவசம்தான், ஆனால் அதற்காக நான்கைந்து முறை போய்வர வேண்டும். ஊசி அட்டையில் உள்ள ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் கூலி போனதற்குச் சாட்சி.

என் சித்தப்பாவை இரண்டு ஆண்டுகளுக்கு முன் பால் வாங்கப் போன இடத்தில் ஒரு நாய் கடித்தது. அவர் கையில் கிடைத்த ஓ.பி. சீட்டில் இருந்தது ஒரே வரி: நாய்க்கடி, டி.டி. (டெட்டனஸ் ஊசி) போடவும். எந்தக் கால், எத்தனை தடம், எவ்வளவு ஆழம் என்று ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அடுத்த ஊசிக்குப் போனபோது நான் கூடப் போய்க் கேட்டதால், பணியிலிருந்த மருத்துவர் பொறுமையாகக் கட்டைப் பிரித்துப் பார்த்து, வலது கெண்டைக்காலில் மூன்று பல் தடங்கள் என்று பதிவேட்டில் எழுதிக் கொடுத்தார். கடித்த அன்று சித்தி எண்ணியபோது நான்கு இருந்தன. வீக்கத்தில் ஒன்று மறைந்துபோயிருந்தது. பஞ்சாபாக இருந்தால் பத்தாயிரம் போச்சு என்று சித்தப்பா இப்போதும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.