64 வயசுக்கு அப்புறம் உ.வே.சா.: ஒரே சரக்கு, பல வேலை

வணக்கம். உ.வே.சாமிநாதையர்னு சொன்னதும் சிந்தாமணி, சிலப்பதிகாரம்னு ஆரம்பிச்சிடுவோம். அது ரெண்டையும் அவர் பதிப்பிச்சது 1887, 1892. அப்ப அவருக்கு நாப்பது வயசுகூட ஆகல. இன்னிக்கு அதைத் தொடப்போறதில்ல. 1919-ல மாநிலக் கல்லூரியிலேருந்து ஓய்வு பெறுறார், வயசு 64. அங்கேருந்து 1942 ஏப்ரல் வரைக்கும் இருக்கிற 23 வருஷம்தான் இன்னிக்குப் பேச்சு.

முதல்ல பட்டியலை வேகமா சொல்லிடுறேன். 1924-ல பெருங்கதைப் பதிப்பு. அதே வருஷத்துலேருந்து மூணு வருஷம் சிதம்பரத்துல மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வர். 1933, 34-ல தன்னோட ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரலாறு, ரெண்டு பாகம். 1936-ல கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர்னு இசைக்காரங்க வரலாறுகள். 1937-ல குறுந்தொகை. நடுநடுவுல பத்திரிகைக் கட்டுரைகள். 1940-லேருந்து ஆனந்த விகடன்ல என் சரித்திரம்.

பதிப்பு, வரலாறு, கட்டுரை, தன்வரலாறு. பாக்குறதுக்கு நாலு கடை மாதிரி தெரியும். கிடங்கு ஒண்ணுதான். பாடம் கேட்ட காலம், ஏடு தேடி அலைஞ்ச காலம், அப்ப சேந்த கடிதம், குறிப்பு, ஞாபகம், இதுலேருந்துதான் எல்லாமே வருது. ஓய்வுக்கு அப்புறம் எழுத உக்கார்றவங்க இதைக் கவனிக்கணும். புதுசு புதுசா விஷயம் தேடிப் போறதைவிட, கையில இருக்கிற சரக்கை எந்தெந்த வடிவத்துல இறக்கலாம்னு யோசிக்கிறது லாபம்.

சரி, குறுந்தொகைக்கு வர்றேன். அதுதான் இதுல பெரிய வேலை. கடவுள் வாழ்த்து போக 401 பாட்டு. 1915-லயே திருமாளிகைச் சௌரிப்பெருமாளரங்கன் ஒரு பதிப்பு போட்டுட்டார். சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை, சிலம்புக்கு அடியார்க்குநல்லார் உரை கைக்குக் கிடைச்சுது. குறுந்தொகைக்கு பழைய உரை இருந்ததா செய்தி இருக்கு, உரை கிடைக்கல. அதனால 82 வயசுல உ.வே.சா.வே உரை எழுதுறார். ஒரு பாட்டை எடுத்துப் பாருங்க: கூற்று (யார் பேசுறாங்க), மூலம், பிரதிபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறுற இடம்), பதவுரை, முடிபு (சொல்லைச் சேத்துப் பொருள் கொள்ற வரிசை), கருத்து, விசேட உரை, மேற்கோளாட்சி (பழைய உரைகள்ல இது மேற்கோளா வர்ற இடம்), ஒப்புமைப் பகுதி. நாலு வரிப் பாட்டுக்குக் கீழ பக்கம் நிறைஞ்சு நிக்கும். என்னைக் கேட்டா, அதுல ஒப்புமைப் பகுதிதான் தங்கம். ஒரு சொல்லோ கருத்தோ வேற எந்த நூல்ல வருதுன்னு காட்டுற இடம் அது. ஆயுசு பூரா படிச்சவராலதான் அப்படி எழுத முடியும்.

பாடபேதம், அதாவது அந்தப் பிரதிபேதம், ஏன் வருதுன்னு தெரிஞ்சாதான் இந்த வேலை புரியும். ஓலையில புள்ளி வைக்க மாட்டாங்க. எ, ஏ வித்தியாசம் கிடையாது, ஒ, ஓவும் அப்படித்தான். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். இப்ப 'கொல்'னு ஒரு சொல்லை எடுத்துக்கோங்க. ஓலையில அது கொல, கொல், கோல, கோல், கெரல, எதுவா வேணாலும் இருக்கலாம். போதாததுக்கு அடி பிரிக்காம வசனம் மாதிரி ஓடவிட்டிருப்பாங்க.

எதை எடுக்கறது? முதல்ல யாப்பு. குறுந்தொகையில பெரும்பாலும் நேரிசை ஆசிரியப்பா, அதுல ஈற்றயலடிக்கு, அதாவது கடைசிக்கு முந்தின அடிக்கு, மூணு சீர்தான். அங்க நாலு வந்தா அடி பிரிச்சது தப்பா இருக்கலாம், இல்ல ஒரு சொல் உள்ள புகுந்திருக்கலாம். அடுத்தது மேற்கோள். தொல்காப்பிய உரைகாரங்க அதே பாட்டை எடுத்துக் காட்டியிருந்தா அவங்க பாடம் ஒரு சாட்சி. ஆனா அந்த உரையும் ஏட்டுலேருந்து ஏட்டுக்கு வந்ததுதான், அங்கயும் கை பட்டிருக்கும். அதனால ஒரு சாட்சியை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

இதையே நீங்க செய்யணும்னா, பழைய நூலோ தாத்தாவோட கையெழுத்துப் பிரதியோ, ஒரு எக்செல் தாள் போதும். முதல் பத்தியில (column) பாட்டு எண், ரெண்டாவதுல அடி எண், அப்புறம் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பத்தி, கடைசியில நீங்க எடுத்த பாடம், அதுக்குக் காரணம். காரணப் பத்தியைத்தான் எல்லாரும் காலியா விடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு ஏன் எடுத்தோம்னு நமக்கே தெரியாது.

இன்னொரு தப்பு, அச்சுப் புத்தகத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வித்தியாசத்தை மட்டும் குறிக்கிறது. பழகின பாட்டைக் கண்ணு தானா சரியாப் படிச்சிடும், பிரதியில இருக்கறது தெரியாமலே போயிடும். ஒவ்வொரு பிரதியையும் முழுசாத் தட்டச்சு பண்ணுங்க, அப்புறம் ஒப்பிடுங்க. ஒருத்தர் உரக்கப் படிக்க இன்னொருத்தர் சரிபார்த்தா இன்னும் நல்லது. பூச்சி அரிச்ச இடத்துல நீங்க ஊகிச்ச எழுத்தைச் சதுர அடைப்புக்குள்ள போடுங்க. தப்புன்னு தோணுற பாடத்தையும் தூக்கிப் போடாம அடிக்குறிப்புல வைங்க, அடுத்து வர்றவருக்கு அதுதான் சரின்னு படலாம்.

வரலாறு எழுதுறதுல வேற தொல்லை: தேதி. பழைய கடிதத்துல தமிழ் வருஷப் பேர்தான் இருக்கும், அது 60 வருஷத்துக்கு ஒருதரம் திரும்பும். பிரபவன்னா 1867-ல தொடங்கினதா, 1927-ல தொடங்கினதா? கடிதத்துல வர்ற ஆட்கள் யார் யார் உயிரோட இருந்தாங்கன்னு பாத்துதான் முடிவு பண்ணணும். அதோட, வருஷம் சித்திரையில ஆரம்பிக்குது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானது யுவ வருஷம் தை மாசம். யுவ தொடங்கினது 1875, ஆனா அந்தத் தை வர்றது 1876. பிப்ரவரி 1. மார்கழி நடுவுலேருந்து பங்குனி வரைக்கும் எந்தத் தேதி வந்தாலும் ஆங்கில வருஷத்துல ஒண்ணு கூட்டுங்க.

அந்த ஆசிரியர் என் சரித்திரத்துலயும் வர்றார். திரும்பச் சொல்ற மாதிரி இருக்கான்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிச்சுப் பாருங்க. வரலாற்றுல ஆசிரியர் பிறந்ததுலேருந்து வரிசையா வருவார், மாணவர் ஓரமா நிப்பார். தன்வரலாற்றுல 16, 17 வயசுப் பையன் கண்ணுக்குத் தெரிஞ்ச ஆசிரியர் மட்டும்தான் இருக்கார். ஒரே சம்பவத்தை ரெண்டு இடத்துல வைக்கணும்னா, யார் கண்ணு வழியாப் பாக்குறோம்னு முதல்லயே தீர்மானிச்சுக்கணும். இல்லேன்னா வெட்டி ஒட்டின மாதிரிதான் வரும்.

என் சரித்திரம் 122 அத்தியாயம், ஏறத்தாழ வாரத்துக்கு ஒண்ணு. கி.வா.ஜகந்நாதன் மாதிரி மாணவங்க கூட இருந்து உதவினாங்க. வாரக் கெடு இருந்ததாலதான் இவ்வளவாவது வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். ஆனா கிட்டத்தட்ட 85 வயசுல ஆரம்பிச்சு, சொந்த ஊர் உத்தமதானபுரத்தோட கதையிலேருந்து வரிசையாப் போறார். மணிமேகலைப் பதிப்புக் காலத்தை ஒட்டி, அதாவது 1898-ஐ ஒட்டி, நின்னுபோகுது. 1942 ஏப்ரல் 28-ல அவர் காலமாயிட்டார். புத்தகமா வந்தது 1950-ல.

அதனால தாமதமா எழுத உக்கார்றவங்க பிறந்த ஊர்லேருந்து தொடங்க வேண்டாம். உங்களைத் தவிர வேற யாரும் எழுத முடியாத அத்தியாயத்தை முதல்ல எழுதிடுங்க, வரிசை அப்புறம் பாத்துக்கலாம். அவரோட பிற்காலப் பதிப்புகளுக்குப் பின்னால நடந்ததைத் தெரிஞ்சுக்க இன்னிக்கு நமக்கு இருக்கிற நல்ல வழி அந்தந்தப் பதிப்போட முகவுரை. ஏடு எங்கேருந்து வந்துச்சு, யார் ஒப்பிட உதவினாங்கன்னு அங்கதான் பாக்கணும். குறுந்தொகை முகவுரையிலேருந்து ஆரம்பிங்க.